முதல் வரியில் பிடிபட்ட கொலைகாரன்

எடித் எழுதிய துப்பறியும் நாவல்கள் வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற புத்தகக் கடையில், பரீட்சை வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அடுத்தபடியாக விற்பனையாகின. கடைக்காரரே அதைச் சொல்வார். ஆனாலும் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கும் அவளை யாரும் அழைத்தது கிடையாது. அவளை வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். வாசித்தோம் என்று வெளியில் சொல்லுகிறவர்கள்தான் குறைவு. பகலில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து, பின்னேரங்களில் கதையில் ஆட்களைக் கொன்று, அவள் தன் பாட்டில் இருந்தாள்.

அதனால் தலைமன்னாரில் நடக்கவிருந்த எழுத்துப் பயிலரங்கில் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று ஜெனோஜன் போனில் கேட்டபோது, அவள் யோசிக்காமலே சரி என்றாள். ஜெனோஜன் யாழ்ப்பாணத்துப் பொடியன். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவன். வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை, சனசமூக நிலைய மண்டபத்தில், புத்தகம் வெளியிட்ட எழுத்தாளர்கள் மூன்று பேர் மூன்று விதமான எழுத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது அவனுடைய ஏற்பாடு. வாழ்க்கைக் கதை எழுதக் கவிஞர் மரியதாசன். சிறுவர் கதைக்கு எருக்கலம்பிட்டி அப்துல் றசாக். துப்பறியும் கதைக்கு எடித்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. ஜெனோஜன் ஒலிவாங்கியைப் பிடித்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தான். மரியதாசன் ஐயாவைப் பற்றி நீளமாகச் சொன்னான். அவருக்கு அது தகும். றசாக்கைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய ஆட்டுக்குட்டிப் பாட்டைச் சனமே பாடியது. கடைசியில் எடித் பக்கம் திரும்பினான்.

"எடித் மிஸ் பொழுதுபோக்குக்கு எழுதுறவ. இந்த மூண்டு நாளும் நாங்கள் கனக்கப் பாரமான விசயங்கள் கதைக்கப் போறம். களைச்சுப் போனா அவவிட்டப் போய்க் கொஞ்சம் இளைப்பாறலாம்."

சனம் சிரித்தது. எடித்தும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இந்தப் பொடியனுடைய பெயரை அடுத்த நாவலில் எந்தப் பிரேதத்துக்கு வைக்கலாம் என்று யோசித்தாள்.

குழு பிரிந்தபோது பெரும்பாலானவர்கள் மண்டபத்திலேயே மரியதாசனோடு இருந்துவிட்டார்கள். முன்பள்ளி ரீச்சர்மார் எல்லோரும் றசாக்கோடு விறாந்தைக்குப் போனார்கள். எடித்துக்குப் பின்பக்கத்து அறை. கால் உடைந்த கதிரைகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. அங்கே அவளுக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சஜீவன், ஓட்டோ ஓடுகிறவன், சவாரி இல்லாத நேரத்தில் அவளுடைய புத்தகங்களை வாசிக்கிறவன். மற்றது கிறிஸ்ரினா; மன்னார் ரவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. "மிஸ், மருந்து குடுத்துக் கொல்லுறதெண்டா எந்த அளவில எழுதினாச் சனம் நம்பும்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

எடித் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சீமெந்துத் தரையில் பிளாஸ்ரிக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கதிரையோடு உள்ளே வந்தாள். பின்னால் ஜெனோஜன் கையில் பெயர்ப் பட்டியலோடு ஓடி வந்தான்.

"அகஸ்ரினா அக்கா, உங்கட பேர் மரியதாசன் ஐயாவின்ர குழுவில இருக்கு."

"தெரியும் தம்பி. பேர் அங்க இருக்கட்டும். நான் இங்க இருக்கிறன்."

கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் எடித்தைப் பார்த்தாள். "தொடங்குங்கோ ரீச்சர்."

எடித்துக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று.

அகஸ்ரினாவை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இறங்குதுறைக்குப் போகிற பியர் வீதியில் தையல் கடை வைத்திருப்பவள். பிறந்தது தலைமன்னாரில்தான், ஆனால் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஓர் இரவில் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போன குடும்பம். அங்கே மண்டபம் என்ற ஊரின் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே றொபேட்டைக் கலியாணம் செய்து, அங்கேயே தையலும் பழகினாள். சண்டை முடிந்த பிறகு புருசனோடும் மகளோடும் திரும்பி வந்தாள். றொபேட் இப்போது கடலுக்குப் போகிறான். மகள் மன்னாரில் படிக்கிறாள்.

எடித் பாடத்தைத் தொடங்கினாள். ஒரு குற்றம் நடக்கிறது, ஒருவருக்கு உண்மை தெரியும், அவர் அதை ஒளிக்கிறார், இன்னொருவர் தேடுகிறார். கதை என்பது அந்த இரண்டு பேருக்கும் இடையிலுள்ள தூரம் என்றாள். பிறகு மதியத்துக்குள் ஒரு கதையின் தொடக்கத்தை எழுதச் சொன்னாள். மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். பக்கத்து மண்டபத்தில் யாரோ விம்மி அழும் சத்தமும், அதைத் தொடர்ந்து மரியதாசனின் அமைதியான குரலும் கேட்டன. அகஸ்ரினா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவளே முதலில் வாசித்தாள்.

"அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார், வயது ஐம்பத்தெட்டு, தொழில் மீன்பிடிப் படகு முதலாளி, சொந்த இடம் தலைமன்னார். அவருடைய மனைவியின் தம்பி யூலியஸ், அடையாள அட்டை இலக்கத்துடன் கீழே குறிப்பிடப்படுகிறார், காணித் தகராறு காரணமாக அவரை ஐஸ் அறைக்குள் வைத்து வெளியால் பூட்டினார்."

சஜீவன் வாயைப் பொத்திக்கொண்டான். கிறிஸ்ரினா யன்னல் பக்கம் திரும்பினாள்.

எடித் சிரிக்கவில்லை. ஐஸ் அறை அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுடைய சொந்தப் புத்தகங்களில் இவ்வளவு நல்ல கொலை ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, முதல் வரியிலயே கொலைகாரன் பிடிபட்டிட்டான். இனி நான் என்னத்துக்கு ரெண்டாம் வரியை வாசிக்க வேணும்?"

"நடந்ததைத்தானே ரீச்சர் முதல்ல சொல்ல வேணும்?"

"இது கதை இல்லை. இது வாக்குமூலம்."

அகஸ்ரினா தாளை மடியில் வைத்து அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று எடித் பயந்தாள். அவள் கோபிக்கவில்லை, எதையோ சரிபார்க்கிறவள் போல மெல்லத் தலையாட்டினாள்.

"சரிதான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான். மண்டபம் முகாமில போய் இறங்கின அண்டைக்கு எங்கட அம்மாவை ஒரு மேசைக்கு முன்னால இருத்தி வச்சுக் கேட்டவங்கள். பேர், வயசு, எந்த ஊர், எந்தப் படகு, ஆர் கூட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் பயத்தில நாக்கு எழும்பேல்லை. நான்தான் சொன்னனான். பேந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலயும் நான்தான் சொல்லுறது. கொஞ்சம் முன்னுக்குப் பின் மாறினா, 'அண்டைக்கு வேற மாதிரிச் சொன்னியே' எண்டு கேப்பினம். அதால ஒண்டையும் விடாமல், ஒழுங்கு மாறாமல் சொல்லிச் சொல்லிப் பழகிட்டன். ஆரும் கதை கேட்டா என்ர வாய் தன்ர பாட்டில திகதியில இருந்து தொடங்கும்."

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"இத்தனை வருசமா ஒண்டையும் ஒளிக்கேலாமல் இருந்தனான் ரீச்சர். ஒளிக்கிறது எப்பிடி எண்டு எனக்குச் சொல்லித் தாங்கோ. அதுக்குத்தான் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தனான்."

எடித் வகுப்பறைக்குள் நுழையத் தொடங்கிப் பதினைந்து வருசத்துக்கு மேல். ஒரு மாணவர் இவ்வளவு தெளிவாக, தனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டதில்லை. "சொல்லித் தாறன்" என்றாள். சொன்ன பிறகுதான், அது எப்படி என்று தனக்கே சரியாகத் தெரியாது என்பது உறைத்தது. அவள் இதுவரை கதை எழுதினாளே தவிர, கதை எழுத யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பாசலைப் பிரிக்கும்போது மரியதாசன் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெனோஜனும் நின்றான்.

"பிள்ளை, நான் உம்மட எழுத்தைக் குறைச்சுச் சொல்ல வரேல்லை" என்றார் மரியதாசன். "ஆனா அகஸ்ரினா என்ர குழுவில இருக்க வேண்டிய ஆள். அந்தச் சனம் கடல் தாண்டின கதை, முகாமில இருந்த கதை, திரும்பி வந்து பத்தைக்குள்ள தங்கட வீடு வளவைத் தேடின கதை எல்லாம் எழுதப்பட வேணும். அவை எழுதாட்டி ஆர் எழுதுறது? நாளைக்கு அப்பிடி ஒண்டு நடக்கேல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எடித்துக்குப் படவில்லை, அதுதான் சங்கடம். அவர் அந்தக் கதைகளுக்காக முப்பது வருசம் உழைத்தவர். அவருடைய கண்ணில் ஆசை இருந்தது, சூது இருக்கவில்லை.

ஜெனோஜன் விசயத்தை நேரே சொன்னான். "மிஸ், ஞாயிறு கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். இந்தப் பயிலரங்கால வரப்போற புத்தகத்தின்ர தலைப்பே மீளக் குடியேறினவையின்ர குரல். இந்தப் பக்கத்தில முகாமில இருந்து வந்து, வடிவா எழுதக்கூடிய ஆள் அவ ஒராள்தான். அவ ஐஸ் அறையில கொலை எழுதினா நான் அவைக்கு என்ன பதில் சொல்லுறது?"

"அப்ப என்னை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?"

பொடியன் பொய் சொல்லத் தெரியாதவன். "திட்டத்தில பல்வகை எழுத்து எண்டு போட்டிருக்கு மிஸ். அதுக்கு ஒராள் வேணும்."

எடித் சாப்பாட்டை அரையில் மூடி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நான் அவவைப் போகச் சொல்ல மாட்டன். இருக்கச் சொல்லவும் மாட்டன். அவவிட்டயே கேளுங்கோ."

கேட்டார்கள். அகஸ்ரினா எழுந்து நின்று, மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. அந்தக் கதையை நான் சொல்லாமல் விடேல்லை. அக்கரையில சொன்னனான். இங்க வந்து கந்தோர் கந்தோராச் சொன்னனான். கம்பஸில படிக்கிற பிள்ளையள் வந்து கேக்க அவைக்கும் சொன்னனான். ஒரு பொடியன் மொழிபெயர்த்துத் தர, வெள்ளைக்காரருக்கும் சொன்னனான். தம்பி, உங்கட நிறுவனத்துக்கும் போன வருசம் சொன்னனான். உங்கட கொம்பியூட்டரில இருக்கும், எடுத்துப் போடுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"அது பேட்டி அக்கா. இது இலக்கியம்" என்றான் ஜெனோஜன்.

"எதுவா இருந்தாலும் அது நடந்தது. நடந்ததில ஒரு ஊசி முனையளவும் என்னால மாத்தேலாது. ஆர் படகில ஏறினது, ஆர் ஏறேல்லை, ஆர் செத்தது, ஒண்டும் என்னைக் கேட்டு நடக்கேல்லை. இந்தச் சம்மாட்டியார் நான் சொன்னாத்தான் சாவார். நான் சொன்னாத்தான் அகப்படுவான் யூலியஸ். எனக்கு இது வேணும்."

மரியதாசன் தன் குழு இருந்த மண்டபத்துக்குத் திரும்பிப் போனார். ஜெனோஜன் அவ்வளவு லேசில் விடவில்லை. பின்னேரம் எடித்திடம் வந்து, கொழும்பிலிருந்து வருகிறவர்களின் சாப்பாட்டு ஏற்பாட்டுக்குப் பின்பக்கத்து அறை சனிக்கிழமையிலிருந்தே தேவை என்றான். துப்பறியும் குழுவில் மூன்று பேர்தானே, அவர்களை மற்றக் குழுக்களில் சேர்த்துவிடலாம். மிஸ் விரும்பினால் காலை பஸ்ஸிலேயே வவுனியா போகலாம், சான்றிதழ் தபாலில் வரும்.

"சான்றிதழை நீங்களே வச்சிருங்கோ ஜெனோஜன்" என்றாள் எடித். "அறையையும் எடுங்கோ. வகுப்பு நடக்கும்."

எங்கே நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்து சொன்னபோது, ஓட்டோவில் சாய்ந்திருந்த சஜீவன் சர்வசாதாரணமாகச் சொன்னான்: "ஸ்டேசன் இருக்குத்தானே மிஸ். பின்னேரம் வரைக்கும் ஒரு றெயிலும் இல்லை. நிழலும் இருக்கு, குந்தியிருக்க வாங்கும் இருக்கு."

சனிக்கிழமை காலை நால்வரும் தலைமன்னார் பியர் ஸ்டேசனின் பிளாட்போமில் இருந்தார்கள். சோளகக் காற்று அடித்த அடியில் தாள்கள் பறந்தன. கிறிஸ்ரினா தண்டவாளத்துக்குள் இறங்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றித் தாளுக்கு மேல் வைத்துக்கொண்டு எழுதினார்கள். "கொலை" என்ற சொல் இரண்டு மூன்று தரம் காதில் விழவே, ஸ்டேசன் மாஸ்ரர் தொப்பியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். காலியில் பிறந்த சிங்களவர். தமிழ் கொஞ்சம் வரும்.

"யார் செத்தது?"

"சம்மாட்டியார், சேர்" என்றான் சஜீவன். "கதையில."

அவர் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "செய்தது யார்?"

"அதை இன்னும் சொல்லக் கூடாதாம்."

ஸ்டேசன் மாஸ்ரர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நாலு கோப்பை பிளேன்ரீ வந்தது.

எடித் அன்றைக்கு வேறு மாதிரித் தொடங்கினாள். படுக்கையில் கிடந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. கணித ரீச்சருக்குத்தான் அப்படித் தோன்றும். வெண்கட்டியால் பிளாட்போம் தரையில் மூன்று பெரிய கட்டங்கள் போட்டாள். ஒன்றில் கொலைகாரனுக்குத் தெரிந்தது. அடுத்ததில் துப்பறிகிறவருக்குத் தெரிந்தது. மூன்றாவதில் வாசிக்கிறவருக்குத் தெரிந்தது. அகஸ்ரினாவிடம் வெண்கட்டியைக் கொடுத்து, "உங்கட கதையை நிரப்புங்கோ" என்றாள்.

அகஸ்ரினா குந்தியிருந்து எழுதினாள். எழுதி முடித்து எழும்பிப் பார்த்துவிட்டுத் தானே சொன்னாள்:

"மூண்டும் ஒண்டாத்தான் இருக்கு."

"ஓம். மூண்டாவதில இருந்து அழிக்கத் தொடங்குங்கோ."

அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. யூலியஸின் பெயரைக் காலால் தேய்த்தாள். பிறகு, கொலை நடந்த அன்று அவன் ஊரில்தான் இருந்தான் என்பதை அழிக்கும்போது நின்றுவிட்டாள். "இது பொய்யாப் போகுது ரீச்சர். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லாமல் விட்டா வாசிக்கிற ஆக்களை ஏமாத்துற மாதிரி. பேந்து என்னைப் பிடிச்சுக் கேப்பினம்."

"ஆர் கேப்பினம்?"

அகஸ்ரினா வெறும் பிளாட்போமைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "ஒருத்தரும் இல்லை, என்ன?"

"ஒருத்தரும் இல்லை. இது உங்கட மேசை. நீங்கள்தான் கேள்வி கேக்கிற பக்கம் இருக்கிறீங்கள்."

அவள் அழித்தாள். அழிக்க அழிக்க வேகம் பிடித்தது. கடைசியில் மூன்றாவது கட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. எடித் தலையை ஆட்டினாள்.

"இப்ப மற்றப் பக்கம் போயிட்டீங்கள். ஒண்டும் சொல்லாட்டி வாசிக்கிறவர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உண்மையை அவருக்குச் சொல்லத்தான் வேணும். ஆனா அவர் வேற பக்கம் பாத்துக்கொண்டிருக்கேக்க சொல்ல வேணும்."

அதற்குப் பிறகு அகஸ்ரினா வெகுநேரம் எழுதவில்லை. பழைய இறங்குதுறைப் பாலம் உடைந்து கிடக்கிற கடல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, விரலால் சேலைக் கரையை அளந்துகொண்டிருந்தாள். மற்ற இருவருடைய கதைகளையும் எடித் பார்த்து முடித்த நேரத்தில்தான் அவள் சட்டென்று திரும்பினாள்.

"ரீச்சர், செத்த வீட்டில பிரேதத்துக்குப் போட வெள்ளைச் சேட்டோ நீலச் சேட்டோ எண்டு ரெண்டு பொம்பிளையள் சண்டை பிடிச்சினமெண்டா, பக்கத்தில நிக்கிற ஆம்பிளை சொல்லுறது ஆருக்குக் கேக்கும்?"

எடித் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "எழுதுங்கோ" என்றாள். "இப்பவே எழுதுங்கோ."

அன்று பின்னேரம் றெயில் வரும்வரை எழுதினாள். பிறகு கடையைத் திறந்து, தைக்கக் கொடுத்திருந்த சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வெட்டுமேசையில் வைத்து மீண்டும் எழுதினாள். றொபேட் அன்று தானே சோறு வடித்தான்.

ஞாயிறு நிகழ்ச்சி நிரலில் துப்பறியும் குழு இல்லை. எடித் எதிர்பார்த்ததுதான். அவள் ஜெனோஜனிடம் போவதற்குள் அப்துல் றசாக் குறுக்கே வந்தார். வெள்ளிக்கிழமை முதல் நடந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"தங்கச்சி, எனக்கு அரை மணித்தியாலம் தந்திருக்காங்க. என்ட ஆட்டுக்குட்டிக்குப் பத்து நிமிசம் போதும். மிச்சத்தில உங்கட பிரேதத்தைக் கொண்டு வாங்க."

"றசாக் நானா, ஜெனோஜன் ஏசுவான்."

"ஏசட்டுமே. இந்த வயசில நான் சின்னப் பிள்ளையளுக்கு மட்டும்தான் பயம்."

வாசிப்பதற்கு முன் எடித் புதிய பிரதியை வாங்கிப் பார்த்தாள். சலோமி என்ற தையல்காரிதான் துப்பறிகிறவள். சம்மாட்டியாரின் பிரேதம் இன்னும் ஆஸ்பத்திரியில். பொலிஸ் யாரையும் பார்க்க விடவில்லை; சனம் ஐஸ் கொம்பனிக் காவலாளியைச் சந்தேகப்படுகிறது. யூலியஸ் அன்று காலைதான் வவுனியாவிலிருந்து வந்தவன் போல வந்து நிற்கிறான். சம்மாட்டியாரின் மனைவியும் தங்கையும் சலோமியின் கடைக்குள் நின்று சேட்டு நிறத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை அவ்வளவு உயிரோடு இருந்தது. நடுவில் யூலியஸ் அலுத்துப்போய் ஒரு வரி சொல்லுகிறான்: எந்த நிறமெண்டாலும் தையுங்கோ, வலது கைப் பக்கத்தை மட்டும் நல்லா அகலமா வெட்டுங்கோ, அது மேல தூக்கினபடி இருக்கு. உடனே தங்கை அழத் தொடங்குகிறாள். சண்டை மீண்டும் மூளுகிறது. பிரேதத்தின் கை எப்படி இருக்கிறது என்று பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. சலோமி ஊசியில் நூல் கோத்துவிட்டு, "எனக்கு ஆளைத் தெரியும்" என்று நினைக்கிறாள். அதோடு பகுதி முடிகிறது.

"கொஞ்சம் ஆழத்தில புதைச்சிட்டீங்களோ எண்டு பாக்கிறன்" என்றாள் எடித். "வாசிக்கிறதை ஒருக்காக் கேக்கிற சனத்துக்குப் பிடிபடாது. சலோமி கையைப் பற்றி ஒருக்கா யோசிக்கிற மாதிரி ஒரு வரி போடுவமோ?"

"இல்லை ரீச்சர்."

"ஒரு வரிதான் அக்கா."

"ஒரு சொல்லும் போட மாட்டன். கண்டுபிடிக்கிறவை கண்டுபிடிக்கட்டும்."

எடித் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தவளே இப்போது ஒளிக்காதே என்று கெஞ்சுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

மண்டபத்தில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மரியதாசனுடைய குழு வாசித்த கதைகள் சனத்தை உலுக்கின. பலர் கண்ணைத் துடைத்தார்கள், எடித்தும் துடைத்தாள். பிறகு றசாக் தன் ஆட்டுக்குட்டியை அவசர அவசரமாக ஓட்டி முடித்துவிட்டு, ஜெனோஜன் எழும்புவதற்குள், "இப்ப அகஸ்ரினா வாசிப்பா" என்று அறிவித்துவிட்டு ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்.

அகஸ்ரினா தாளைப் பார்த்தபடி மெல்லத் தொடங்கினாள். சண்டை தொடங்கியதும் குரல் எழும்பியது. இரண்டு பெண்களுடைய குரலையும் அவள் மாற்றி மாற்றிப் பேச, மண்டபம் குலுங்கிச் சிரித்தது. யூலியஸின் வரியை அலட்சியமாக, கொட்டாவி விடுகிறவன் மாதிரிச் சொல்லிவிட்டு அவள் கடந்து போனாள். சிரிப்பு ஓயவில்லை. எடித் சனத்தின் முகங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒருவருக்கும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

"எனக்கு ஆளைத் தெரியும்" என்று முடித்து அகஸ்ரினா தாளை மடித்தாள்.

"ஆர்?" என்று ஒரு குரல் கேட்டது. "பெண்சாதிதான்" என்றது இன்னொன்று. "ஐஸ் கொம்பனிக் காவலாளி" என்றார் மரியதாசன், தன்னை மறந்து சத்தமாக. ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். ஜெனோஜன் கையைத் தூக்கி அமைதி கேட்டான்; யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

அப்போது கடைசி வரிசையில், மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்த லூர்தம்மா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"கை! அந்த வலது கை! பிரேதத்தைப் பாக்காதவனுக்குக் கை தூக்கியிருக்கிறது எப்பிடித் தெரியும்? அடேய் யூலியஸ், படுபாவி!"

சனம் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தது. பிறகு "ஓமடி!" என்று நாலைந்து இடத்திலிருந்து ஒன்றாகக் கேட்டது. கைதட்டல் எழும்பியது. பிடிபடாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். அகஸ்ரினா மேடையில் நின்றபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எடித்துக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைத்தாள்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சம்பவம் அகதி முகாமில் நடந்ததா, அல்லது அவருடைய குடும்பத்தில் யாருக்காவது நடந்ததா?

அகஸ்ரினா ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"இல்லை. எல்லாம் நான் உண்டாக்கினது" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் அவ்வளவு பெருமை இருந்தது.

கூட்டம் கலைகிறபோது மரியதாசன் எடித்தைத் தேடி வந்தார். "நான் அந்தச் சண்டையை ரசிச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை. அதால கோட்டை விட்டிட்டன்" என்றார். கொஞ்சம் நின்று, "அவ என்ர குழுவில இருந்திருந்தா நல்லா எழுதியிருப்பா. ஆனா இப்பிடிச் சந்தோசப்பட்டிருக்க மாட்டா" என்றும் சொன்னார். எடித் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வெற்று ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சில மாதங்களில் நிறுவனத்தின் புத்தகம் வந்தது. அதில் அகஸ்ரினாவின் கதை இல்லை. எடித் அதை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். நீளம் அதிகம், சேட்டுச் சண்டையை வெட்டினால் போடலாம் என்று ஆசிரியர் எழுதினார். அகஸ்ரினா மற்ற எல்லாவற்றையும் வெட்டினாள். சண்டையில் கை வைக்கவில்லை. ஆசிரியர் திருப்பி அனுப்பினார். அவள் இன்னும் கொஞ்சம் வெட்டி மீண்டும் அனுப்பினாள். மூன்றாம் தரம் அவர் விட்டுக்கொடுத்தார். கதை வந்த ஞாயிற்றுக்கிழமை தலைமன்னாரில் பத்திரிகை காலையிலேயே முடிந்துவிட்டது. ஸ்டேசன் மாஸ்ரருக்குச் சஜீவன் பந்தி பந்தியாகச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்னான்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் பிளாட்போமில் வகுப்பு நடக்கிறது. லூர்தம்மாவும் வந்து சேர்ந்துவிட்டாள். எழுதுவதில்லை, எல்லோருடைய கொலைகாரனையும் பிடித்துக் கொடுக்கிறாள். எடித் மாதத்தில் ஒரு தரம் வருகிறாள். மற்ற நாட்களில் அகஸ்ரினா பள்ளி இடைவேளை பார்த்துப் போன் எடுப்பாள்.

போன கிழமையும் எடுத்தாள். எடித் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், ரெண்டாவது கதையில ஒரு சிக்கல். இந்தமுறை கொலை செய்யிறது தையல்காரி. மருந்து வைக்கிறது எப்பிடி எண்டு கிறிஸ்ரினாவிட்டக் கேட்டு எழுதிட்டன். றொபேட் வாசிச்சிட்டு ரெண்டு நாளா நான் போடுற தேத்தண்ணியை மணந்து பாத்துத்தான் குடிக்கிறார். வேற ஆக்களும் என்னைச் சந்தேகப்பட்டா?"

எடித் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள்.

"படட்டும் அக்கா. நீங்கள் எழுதுங்கோ."